புகழுக்காகக் கொடுத்தால் அது தன்னலம் ஆகிவிடுமா? புறநானூறு 182 படித்து வந்த குழப்பம்

#1 ஆற்றங்கரை

எல்லாருக்கும் வணக்கம். பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன் நான். இன்று ஒரு குழப்பம் தீராததால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் 12 மேசைகள் செய்து கொடுத்தார். உபயம் என்று பெயர் எழுத வந்த பெயின்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார், அதைப்பற்றி வீட்டிலும் பேசியதில்லை. இப்போது தம்பி, தலைத்திவசத்துக்குள் மேசைகளில் அப்பா பெயரை எழுதிவிட வேண்டும் என்கிறான். அவன் பிள்ளைகள் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள், தாத்தா பெயர் கண்ணில் படட்டும் என்ற ஆசை. அக்கா விடவில்லை. "அவர் தனக்கென்று செய்யாததை நாம் அவருக்கென்று ஆக்கக் கூடாது" என்கிறாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்க, நான் புறநானூற்றை எடுத்தேன். 182-ஆம் பாட்டு, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது. இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று கேட்டு, "தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர்" இருப்பதால்தான் என்று முடிக்கிறார். அக்கா பக்கம் வழக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அதற்கு மூன்று வரி முன்னால் "புகழெனின் உயிரும் கொடுக்குவர்" என்று அதே ஆட்களைப் பற்றித்தான் சொல்கிறார். புகழ் என்றால் உயிரையே கொடுப்பவர் எப்படித் தமக்கென முயலாதவர் ஆவார்? புகழ் தனக்கு வருவதுதானே? இருபது முறையாவது படித்திருப்பேன், எனக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கன்

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் என் கண்ணுக்கு இது இப்படித்தான் தெரிகிறது. கொடுப்பவனுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்கிறது. பொருளாகக் கிடைத்தால் வியாபாரம் என்கிறோம், பெயராகக் கிடைத்தால் வள்ளன்மை என்கிறோம். வள்ளுவரே மறைக்கவில்லை. "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" என்கிறார் (231), ஊதியம் என்ற சொல்லைப் பாருங்கள். அப்புறம் குமணனைப் பற்றிய புறம் 165. நாட்டைத் தம்பி பிடித்துக்கொள்ள, காட்டில் இருக்கும் குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் போகிறார். கொடுக்க ஒன்றும் இல்லாததால், தன் தலையை வெட்டிக்கொண்டுபோகச் சொல்லி வாளைக் கொடுக்கிறான் குமணன். உடல் சிலிர்க்கும் பாட்டுதான். ஆனால் அது தொடங்குவது எப்படி? "மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாமாய்ந் தனரே." நிலையாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நட்டுவைத்துவிட்டுப் போனார்கள். நிலைக்க வேண்டும் என்பதைவிடப் பெரிய தன்னலம் எது? அன்று புலவர் வாய்தான் கல்வெட்டு. கொடுத்தால் பாடுவார், பாடினால் இரண்டாயிரம் வருடம் நிற்கும், நின்றும்விட்டது.

யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றங்கரை, உங்கள் தம்பி கேட்பதில் தவறே இல்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

#3 பழைய வாத்தியார்

கணக்கன் தம்பி, நீங்கள் கேட்கிற கேள்வியை அந்தக் காலத்துப் புலவர்களே கேட்டிருக்கிறார்கள், உங்கள் தொழிற்சொல்லை வைத்தே கேட்டிருக்கிறார்கள்.

புறம் 134, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடியது. "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைபேசும் வியாபாரி இல்லை அவன். பிறகு ஏன் கொடுக்கிறானாம்? சான்றோர் போன வழி இது, அந்த வழியில் அவன் கையும் போகிறது, அவ்வளவுதான் என்கிறார். அறவிலை வணிகன்! நாற்பது வருடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

புறம் 141-இல் பரணர் பேகனைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்கிறார். அவன் கைவண்மை மறுமையைப் பார்த்தது இல்லை, "பிறர் வறுமை நோக்கின்று". அந்தக் கொடை எதிரில் நிற்பவனின் வறுமையைப் பார்க்கிறது, தன்னைப் பார்க்கவில்லை.

இப்போது 182. "புகழெனின் உயிரும் கொடுக்குவர்" என்பதோடு நிறுத்தாதீர்கள், "பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்" என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் உலகம். கணக்குப் போடுகிறவன் செய்கிற பேரமா இது? உயிரைக் கொடுத்தபின் புகழை அனுபவிக்க ஆள் இல்லை. உலகமே கையில் வரும்போது பழியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதுதான் லாபம். லாபம் பார்க்கிறவன் இரண்டு இடத்திலும் வேறு முடிவு எடுத்திருப்பான். அதற்கு முன்னால் "பிறர் அஞ்சுவது அஞ்சி" என்று ஒரு சின்னத் தொடர் இருக்கிறது. மற்றவர் எதற்கு அஞ்சுவாரோ அதற்குத் தானும் அஞ்சுவார். அந்தப் புகழும் பழியும் இந்த அச்சத்திலிருந்து வருபவை. ஊர் நடுவே நிற்கிற மனிதனின் சொற்கள் அவை, தனியே கண்ணாடி பார்க்கிறவனுடையவை இல்லை.

#4 செங்காந்தள்

ஐயா சொன்னதோடு புறம் 200-ஐயும் சேர்த்துக்கொள்கிறேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைக் கபிலர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "நாத்தழும்பு இருப்பப் பாடாதாயினும்." நாக்கில் தழும்பு விழும் அளவுக்கு அந்தக் கொடி அவனைப் பாடப்போவதில்லை, ஆனாலும் கொடுத்தான். கணக்கன் அண்ணா, புகழுக்குத்தான் கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கபிலர் முன்கூட்டியே கதவைச் சாத்துகிறார். பாட்டுப் பாடிப் பரிசில் வாங்குகிற ஒரு புலவர், பாடவே முடியாத ஒன்றுக்குக் கிடைத்த பரிசிலைப் பெரிதாக எடுத்து வைக்கிறார். ஒரு பந்தல்கால் நட்டிருந்தால் போதாதா என்று பள்ளியில் கேட்டவள் நான். இப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் பேகன் விஷயத்தில் ஐயாவோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த அதே பேகன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான். (சிலம்பின் கண்ணகி இல்லை, இவர் வேறு.) புறம் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள், எல்லாரும் அவனிடம் கேட்பது ஒன்றே: வீட்டுக்குப் போ. 145-இல் பரணர், மயில் குளிரில் நடுங்கும் என்று போர்வை தந்தவனே என்று கூப்பிட்டுவிட்டு, "பசித்தும் வாரேம், பாரமும் இலமே" என்கிறார். பசித்து வரவில்லை, சுமக்கிற சுற்றமும் எங்களுக்கு இல்லை, இன்று இரவே தேர் ஏறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் இரந்து கேட்கும் பரிசில்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு வீட்டிலிருந்தவளின் அழுகை தெரியவில்லை. கொடுக்கிறவன் நல்லவனா, புகழ் வேண்டியவனா என்று ஆண்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விவாதிப்பார்கள். அந்தக் கொடைக்கு வீட்டில் யார் எதை இழந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது. புலவர் பெருஞ்சித்திரனார் மட்டும் விதிவிலக்கு. குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னோர்க்கு என்னாது, என்னொடும் சூழாது", இன்னாருக்கு என்று பார்க்காமல், என்னிடம் கலந்துகொள்ளக்கூட வேண்டாம், எல்லாருக்கும் கொடு என்கிறார் (163). கொடுக்கும் உரிமையை அவள் கையில் வைக்கிறார்.

#5 கணக்கன்

முல்லைக்கொடி வாதம் என்னை அசைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. புகழ் வேண்டாம், மறுமை வேண்டாம், சரி. கொடுக்கும்போது மனதுக்கு ஒரு நிம்மதி வருகிறதே?

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாப்ஸ் என்ற தத்துவவாதி இருந்தார், மனிதனின் அடிப்படையே தன்னைக் காத்துக்கொள்வதுதான் என்று 1651-இல் வந்த 'லெவியாதன்' நூலில் எழுதியவர். அவர் ஒருநாள் தெருவில் ஒரு கிழவருக்குப் பிச்சை போட்டதைப் பார்த்த பாதிரியார் ஒருவர், கிறிஸ்து சொல்லியிராவிட்டால் போட்டிருப்பீர்களா என்று கேட்டாராம். போட்டிருப்பேன், அவர் நிலையைப் பார்க்க எனக்கு வலித்தது, இந்தக் காசு அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்றாராம் ஹாப்ஸ். அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்த குறிப்பு இது. வள்ளுவரின் "ஈத்துவக்கும் இன்பம்" (228) இதுதானே? கொடுத்து மகிழும் இன்பம். இன்பம் யாருக்கு? கொடுத்தவனுக்கு.

#6 வடகரை

கணக்கன், அதே இங்கிலாந்தில் அதற்குப் பதிலும் வந்துவிட்டது. ஜோசப் பட்லர் என்ற பாதிரியார், 1726-இல் அச்சான அவருடைய பிரசங்கங்களில் ஒரு எளிய விஷயத்தைச் சொன்னார். என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன். பசி இருப்பவனுக்குத்தான் சோறு இனிக்கும். அதுபோல மற்றவர் நலத்தில் ஏற்கெனவே அக்கறை இருப்பவனுக்குத்தான் கொடுப்பதில் இன்பம் கிடைக்கும். அக்கறை முன்னால், இன்பம் பின்னால். கல்நெஞ்சக்காரன் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அவனுக்கு அந்த இன்பம் வராது, வயிறுதான் எரியும். ஆகவே இன்பம் கிடைக்கிறது என்பதாலேயே அது தன்னலம் ஆகாது, அவனுக்குள் தன்னலம் தவிர வேறொன்றும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் குறளையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். "ஈத்துவக்கும் இன்பம் அறியார்கொல் தாமுடைமை வைத்திழக்கும் வன்கணவர்." சேர்த்துவைத்துத் தொலைக்கிறானே, அவனுக்கு இந்த இன்பம் தெரியவே தெரியாதா என்று வள்ளுவர் ஆச்சரியப்படுகிறார். இன்பத்துக்காகக் கொடு என்று கட்டளையிடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வள்ளுவர் 'தன்' என்பதை எதிரியாகவே பார்க்கவில்லை. "தன்னைத்தான் காதலன் ஆயின் எனைத்தொன்றும் துன்னற்க தீவினைப் பால்" (209). உனக்கு உன்மேல் பிரியம் இருக்கிறதா, அப்படியானால் சிறிதளவும் தீமை பக்கம் போகாதே. தன்மேல் உள்ள பிரியத்தைத் திட்டாமல், அதன் கையைப் பிடித்து அறத்துக்குக் கூட்டிப்போகிறார். துறவு அதிகாரத்தில்தான் "யான் எனது என்னும் செருக்கு" அறுக்கச் சொல்கிறார் (346), அங்கேயும் அறுபட வேண்டியது செருக்கு. குடும்பம், கடை, வயல் என்று வாழ்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

#7 தீவான்

வணக்கம், நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று இங்கே சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம், அதனால் இந்தக் கதை எனக்குச் சொந்தக் கதை மாதிரி.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்து மிச்சத்தை உண்டு வாழ்ந்தவன். ஒரு மழை இரவில் சிந்தாதேவி என்ற தெய்வம் அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறது. "நாடு வறம் கூரினும் இவ்ஓடு வறம் கூராது." அவனும் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரன் இறங்கிவந்து, உன் தானத்துக்குப் பயன் தர வந்தேன் என்ன வேண்டும் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். செய்த புண்ணியத்தைத் தின்று தீர்க்கிறவர்கள்தான் உன் நாட்டில் இருக்கிறார்கள், அறம் செய்கிறவர் அங்கே யாரும் இல்லையே, அதை வைத்து நான் என்ன செய்வது? கோபப்பட்ட இந்திரன் எங்கும் மழை பெய்யவைத்துப் பசியே இல்லாமல் செய்துவிடுகிறான். பாத்திரத்துக்கு ஆள் இல்லை. கடல் கடந்த சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பல் ஏறுகிறான், வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆள் இல்லாத தீவு, கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். காலம் முழுவதும் உண்ணலாம். அவன் சொல்கிறான்: "மன்னுயிர் ஓம்பும் இம் மாபெரும் பாத்திரம் என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேஎன்." பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிரை விடுகிறான்.

182-இல் "இந்திரர் அமிழ்தம் இயைவது ஆயினும் இனிதெனத் தமியர் உண்டலும் இலரே" என்று ஒரு வரி உண்டல்லவா, அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ண மாட்டார்கள் என்று. அந்த ஒரு வரியை யாரோ உட்கார்ந்து முழுக் கதையாக எழுதினது போல இருக்கும் எனக்கு.

#8 பழைய வாத்தியார்

தீவான் தம்பி, இன்று காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 182-ஐ இத்தனை வருடம் கடைசி இரண்டு வரிக்காகவே நடத்தினேன், 'தமியர்' என்ற சொல்லைக் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறேன். குறள் 229-உம் அங்கேதான் வந்து நிற்கிறது: "இரத்தலின் இன்னாது மன்ற நிரப்பிய தாமே தமியர் உணல்." தானே தனியாக உண்பது பிச்சையெடுப்பதைவிடக் கொடுமை. தமர் (தம்மவர்), தமியர் (தனித்தவர்) என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நம் ஆட்கள் தன்னலத்தை மனதுக்குள் ஓடும் நோக்கத்தில் தேடவில்லை, சாப்பாட்டு இலையில் தேடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதை ஆற்றங்கரையின் முதல் கேள்விக்கு விடையாகச் சொல்கிறேன்: புகழ் கூடவே வந்தால் வரட்டும், தனியாக உண்டாரா என்பதே இளம்பெருவழுதி கேட்பது.

#9 கணக்கன்

இருந்தாலும் ஆபுத்திரன் செய்தது எனக்கு உறுத்துகிறது. இன்னொரு கப்பல் வரும்வரை அந்தப் பாத்திரத்தில் உண்டு உயிரோடு இருந்திருந்தால், சாவகத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கலாம்? என் உயிரை இது காக்கக் கூடாது என்பதில் 'என்' தானே பெரிதாக நிற்கிறது?

#10 செங்காந்தள்

அண்ணா, இந்த முறை உங்கள் பக்கம் நான். காப்பியமே உங்கள் பக்கம்தான். ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டில் புண்ணியராசன் என்ற அரசனாகி, மணிமேகலை சொல்லி மணிபல்லவத்துக்கு வருகிறான். அங்கே தன் பழைய உடம்பின் எலும்புகளையே பார்க்கிறான். அவனைத் தேடித் திரும்பி வந்த செட்டிகள் அவன் இறந்துகிடப்பதைக் கண்டு தாங்களும் உண்ணாமல் உயிர்விட்டார்கள், அவர்கள் எலும்பும் அங்கே கிடக்கிறது. அந்தத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை அவனிடம் சொல்கிறாள்: உன் உயிரைக் கொன்றாய், உனக்காக இரங்கிப் பின்னால் வந்தவர்கள் உயிரையும் கொன்றாய், "கொலைவன் அல்லையோ? கொற்றவன் ஆயினை."

அவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்த ஒருவனை இப்படி நிறுத்திக் கேட்க, மணிமேகலையை எழுதிய சாத்தனாருக்கு மனம் வந்திருக்கிறது. தனக்கென்று எதுவும் வேண்டாம் என்றவனுக்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு, அதைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். பேகன் மனைவியைப் பற்றி நான் மேலே சொன்னதும் இதே இடத்தில்தான் வந்து சேர்கிறது.

#11 ஆற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரமாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

செங்காந்தள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த மேசைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் கேட்டதில்லை. அந்த வருடம் கிணறு வற்றிக் கிடந்தது எனக்கே நினைவிருக்கிறது, வீட்டில் பணம் இருந்திருக்க வழியில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் இரண்டு வளையல்தான்" என்றார். அப்பா கேட்டாரா என்றேன். கேட்கவில்லையாம், பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, மேசை வந்து இறங்கிய அன்றுதான் சொன்னாராம். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை என்றார். "கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், கேட்டிருக்கலாம்" என்றார். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பாமேல் எனக்கு இருந்த மரியாதை குறையவில்லை, ஆனால் அவர் இதுவரை நின்ற இடத்தில் இப்போது அம்மாவும் நிற்கிறார்.

தம்பியிடமும் அக்காவிடமும் சொன்னேன். தம்பி அழுதுவிட்டான், அம்மா பெயரைத்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான், அக்காவும் முதல்முறையாக மறுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டோம். பெயரெல்லாம் வேண்டாமாம். பேரன் உட்காருகிற மேசைக்குக் கால் ஆடுகிறதாம், எழுதும்போது கோணல்மாணலாக வருகிறது என்று சொன்னானாம், முடிந்தால் அதைப் பாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரியைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போகிறோம். தலைமை ஆசிரியரிடம் சாவி கேட்டாயிற்று. 12 மேசையில் 9 இன்னும் வகுப்பில் இருக்கிறதாம், மூன்று பின்னால் கொட்டகையில் கிடக்கிறது என்றார், அதையும் பார்த்துவிடுவோம்.

வாத்தியார் ஐயா, புறம் 163 உரையோடு எந்தப் பதிப்பில் படித்தால் நல்லது? அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.